வீட்டில் எடிட் செய்யும் கல்யாண வீடியோக்களைப் பூட்டி வைப்பது எப்படி?

கல்யாண வீடியோ எடிட் செய்பவரின் வீட்டுக் கணினியில் அடுத்தவர் வீட்டு அந்தரங்கம் நிறைய இருக்கிறது. மேடையில் நடந்ததை ஊரே பார்த்திருக்கும், சரி. ஆனால் கேமரா மணமகள் அறைக்குள்ளும் போயிருக்கும். அலங்காரம் நடக்கும்போது நிறுத்தாமல் ஓடிய கிளிப், மைக்கைக் கழற்ற மறந்ததால் பதிவான குடும்பச் சண்டை, சீர்வரிசை நகைகளின் நெருக்கமான ஷாட், முகவரியும் கைபேசி எண்ணும் தெரியும் பத்திரிகை, குழந்தைகளின் முகங்கள். வாடிக்கையாளர் கைக்குப் போகும் வீடியோவில் இதில் பாதி இருக்காது, எடிட்டர் வெட்டிவிடுவார். வெட்டினால் அது டைம்லைனில் இருந்துதான் போகும். டிஸ்க்கில் அப்படியே இருக்கும்.

ஸ்டுடியோக்களிடம் வேலை வாங்கி வீட்டில் உட்கார்ந்து எடிட் செய்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். விண்டோஸ் 11, பிரீமியர் ப்ரோ அல்லது டாவின்சி ரிசால்வ், உள்ளே ஒரு எஸ்எஸ்டி, ஃபுட்டேஜ் வைக்க ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க் என்று வைத்துக்கொள்வோம். என்கிரிப்ஷன் பற்றி முன்பே எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். ஒரு விடுமுறை நாளை ஒதுக்கினால் போதும். அதிலும் பெரும்பாலான நேரம் கணினி தானாக ஓடிக்கொண்டிருக்கும்.

எதிலிருந்து காப்பாற்றும்

என்கிரிப்ட் செய்த டிஸ்க்கைக் கடவுச்சொல் தெரியாதவர் எடுத்துப் பார்த்தால் அர்த்தமில்லாத எண்கள்தான் தெரியும். திருட்டுப் போன லேப்டாப், பேருந்தில் விட்டுவந்த ஹார்ட் டிஸ்க், பழைய விலைக்கு விற்ற சிஸ்டம், பழுதுபார்க்கக் கொடுத்த கணினி, இவைதான் நமக்கு உண்மையான ஆபத்துகள். 2008-ல் ஹாங்காங் நடிகர் எடிசன் சென்னின் அந்தரங்கப் படங்கள் இணையம் முழுக்கப் பரவின. அவர் லேப்டாப்பைப் பழுதுபார்க்கக் கொடுத்த கடையில் வேலை செய்தவர் நகல் எடுத்ததாக வழக்கு நடந்து, அடுத்த ஆண்டு அந்த ஊழியருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. படங்களில் இருந்த பெண்களுக்கு அந்தத் தீர்ப்பால் எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. கல்யாண வீட்டார் நம்மை நம்பிக் கொடுத்த ஃபுட்டேஜுக்கும் அந்த நிலைமை வரலாம்.

காப்பாற்றாத இடங்களையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பூட்டைத் திறந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது கணினிக்குள் நுழைந்த வைரஸுக்கு எல்லாம் திறந்தே தெரியும். கோப்புகளை முடக்கிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், பூட்டிய கோப்பையும் சேர்த்தே கெடுத்துவிடும். அவற்றுக்குத் தனியாக பேக்கப் வேண்டும். கிராக் செய்த எடிட்டிங் மென்பொருளையும் பிளகின்களையும் போட்டுக்கொண்டு இந்த வேலையெல்லாம் செய்வது வீண்.

எங்கெங்கே சிதறிக் கிடக்கிறது

புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்வி, "ப்ராஜெக்ட் ஃபைலுக்கு பாஸ்வேர்ட் போடுவது எப்படி?" என்பதுதான். அதற்குமுன் ப்ராஜெக்ட் கோப்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அதில் வீடியோ கிடையாது. எந்தக் கிளிப் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எங்கே வெட்டியது, என்ன டைட்டில், என்ன மார்க்கர் என்ற குறிப்புகள்தான் இருக்கும். பிரீமியரின் ப்ராஜெக்ட் கோப்பு சுருக்கி வைத்த எக்ஸ்எம்எல் எழுத்துதான். சுருக்கத்தை விரித்தால் மணமக்கள் பெயர், டைட்டிலில் போட்ட ஊர், மார்க்கரில் நீங்கள் எழுதிய குறிப்பு எல்லாவற்றையும் நோட்பேடிலேயே படிக்கலாம். அதைப் பூட்ட வேண்டியதுதான், ஆனால் அதை மட்டும் பூட்டி ஒரு பயனும் இல்லை. பார்க்கக்கூடிய படம் வேறு இடங்களில் கிடக்கிறது.

முதலில் ஃபுட்டேஜ். இது எல்லோருக்கும் தெரியும். அடுத்து ப்ராக்ஸி. கணினி திணறாமல் இருக்க நாம் உருவாக்கும் சிறிய அளவு நகல்கள் இவை. தரம் குறைவு என்றாலும் முழு வீடியோ, எந்த பிளேயரிலும் ஓடும். மூன்றாவது ப்ரிவியூ ரெண்டர் கோப்புகள். டைம்லைனில் சிவப்புக் கோட்டைப் பச்சையாக்க ரெண்டர் போடுகிறோமே, அப்போது உருவாகும் வீடியோ துண்டுகள். நான்காவது மீடியா கேஷ். பிரீமியர் இதை வேறு இடம் சொல்லாதவரை சி டிரைவில், உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரில் வைக்கும். ஒலியைத் தன் வசதிக்கு மாற்றிய நகல்கள் இதில் சேரும். மணமகள் அறையில் பேசிய பேச்சு உட்பட. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பயன்படுத்தினால் அதற்கும் ஒரு டிஸ்க் கேஷ் உண்டு, அதில் ரெண்டர் ஆன ஃப்ரேம்கள் இருக்கும்.

ரிசால்வ் வேறு மாதிரி. அதில் ப்ராஜெக்ட் தனிக் கோப்பாக இருக்காது, ப்ராஜெக்ட் லைப்ரரி என்ற தரவுத்தளத்துக்குள் இருக்கும். அந்த லைப்ரரியும் இயல்பாக சி டிரைவில்தான். ரெண்டர் கேஷும், கலர் செய்யும்போது எடுத்துவைக்கும் ஸ்டில்களும் மீடியா ஸ்டோரேஜ் பட்டியலில் முதலாவதாக உள்ள டிஸ்க்குக்குப் போகும்.

இவை போக விண்டோஸ் தன் பங்குக்கு ஒவ்வொரு வீடியோவுக்கும் சிறுபடம் எடுத்து சி டிரைவில் சேர்த்து வைக்கிறது. நினைவகத்தில் இடம் போதாதபோது எழுதும் பேஜ் ஃபைலும் அங்கேதான்.

அதனால் வேலை இரண்டு அடுக்காகப் போக வேண்டும். சி டிரைவ் முழுவதையும் விண்டோஸின் சொந்தப் பூட்டால் பூட்டுகிறோம். ஒவ்வொரு வாடிக்கையாளரின் ஃபுட்டேஜும் ப்ராஜெக்ட்டும் கேஷும் சேர்ந்து இருக்க ஒரு தனிப் பூட்டுப்பெட்டி செய்கிறோம்.

முதல் அடுக்கு: சி டிரைவ்

செட்டிங்ஸ் திறந்து, பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷன் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் ஹோம் பதிப்பில் இதுதான் கிடைக்கும், கணினியின் வன்பொருள் ஒத்துழைத்தால். ப்ரோ பதிப்பு என்றால் பிட்லாக்கர் என்று தேடித் திறந்து, சி டிரைவுக்கு ஆன் செய்யலாம். அடிப்படையில் இரண்டும் ஒரே நுட்பம். 2024-ல் வந்த 24எச்2 பதிப்போடு புதிதாக விண்டோஸ் நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால், உங்களைக் கேட்காமலேயே ஆன் ஆகியிருக்க வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தாலும் அடுத்த படியைத் தவிர்க்காதீர்கள்.

ரெகவரி கீயை எடுத்து வையுங்கள். 48 இலக்க எண் அது. மதர்போர்டு மாற்றினால், சில நேரம் பயாஸ் (கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டின் மென்பொருள்) அப்டேட் செய்தால்கூட, கணினி திறக்கும்போது நீலத் திரையில் இந்த எண்ணைக் கேட்டு நிற்கும். எண் இல்லை என்றால் டிஸ்க்கில் உள்ளது போனதுதான். மைக்ரோசாஃப்டைக் கேட்டாலும் அவர்களால் புதிதாக உருவாக்கித் தர முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அங்கே சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் அச்சிட்டோ கையால் எழுதியோ, பத்திரங்கள் வைக்கும் பீரோவில் வையுங்கள். அதே கணினியில் ஒரு டெக்ஸ்ட் கோப்பாக வைத்தால் பயனில்லை. பயாஸ் அப்டேட் செய்யும் முன் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்துவிட்டு, முடிந்ததும் மறுபடி ரெஸ்யூம் செய்தால் அந்த நீலத் திரைத் தொல்லை வராது.

பூட்டும் வேலை பின்னணியில் ஓடும். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகி வையுங்கள்.

விண்டோஸுக்குள் நுழையும் கடவுச்சொல்லோ பின்னோ இல்லாமல் இருந்தால் இப்போதே வையுங்கள். கணினியை ஆன் செய்ததும் நேராக டெஸ்க்டாப் வருகிறது என்றால், சி டிரைவைப் பூட்டியதும் பூட்டாததும் ஒன்றுதான்.

இரண்டாம் அடுக்கு: ஒரு கல்யாணத்துக்கு ஒரு பெட்டி

பிட்லாக்கரால் எல்லா டிஸ்க்கையும் பூட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். திருட்டுக்குப் போதும். ஆனால் வீட்டுக் கணினியில் தம்பி கேம் விளையாடுவான், பிள்ளை பள்ளி ப்ராஜெக்ட் செய்வாள். நீங்கள் லாகின் செய்து கொடுத்த கணத்தில் எல்லா டிஸ்க்கும் அவர்களுக்கும் திறந்துவிடும். வேலை நடக்கும்போது மட்டும் திறந்து, முடிந்ததும் மூடும் பெட்டி வேண்டும். அதற்கு நான் பரிந்துரைப்பது வெராகிரிப்ட். இலவசம், மூல நிரல் வெளிப்படையாக இருக்கிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2014-ல் கைவிடப்பட்ட ட்ரூகிரிப்ட்டின் நிரலில் இருந்து வளர்ந்தது. அந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள்.

பெட்டி செய்யும் முன் அளவைக் கணக்கிட வேண்டும். கேமராவின் பிட்ரேட்டை மெகாபிட்டில் எடுத்து 0.45-ஆல் பெருக்கினால், ஒரு மணி நேர ஃபுட்டேஜ் எத்தனை ஜிபி என்று வரும். 50 மெகாபிட் என்றால் 22.5 ஜிபி. 100 மெகாபிட்டில் எடுத்த 4கே என்றால் 45 ஜிபி. இரண்டு கேமரா, தலைக்கு ஐந்து மணி நேரம், 50 மெகாபிட் என்றால் 225 ஜிபி ஆகிறது. ப்ராக்ஸி, கேஷ், எக்ஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் இன்னொரு பாதியைச் சேர்த்து, கொஞ்சம் தாராளமாக 400 ஜிபி வையுங்கள். விண்டோஸில் பிறகு பெரிதாக்கும் கருவி வெராகிரிப்ட்டோடே வருகிறது என்றாலும், வேலை நடுவில் அதைத் தேடி ஓடாமல் இருப்பது நல்லது.

இப்போது பெட்டியைச் செய்வோம். வெராகிரிப்ட்டைத் திறந்து கிரியேட் வால்யூம் அழுத்துங்கள். மூன்று தேர்வுகள் வரும். முதலாவதான என்கிரிப்டட் ஃபைல் கன்டெய்னரை எடுங்கள். இரண்டாவது, டிஸ்க்கையோ பார்ட்டிஷனையோ முழுதாகப் பூட்டும். அதில் புதியவர்களுக்கு ஒரு பெரிய கண்ணி இருக்கிறது: அப்படிப் பூட்டிய டிஸ்க்கைச் செருகியதும் விண்டோஸ் அதை அடையாளம் தெரியாமல் "ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று கேட்கும். நீங்கள் இல்லாத நேரம் வீட்டில் யாராவது சரி என்று அழுத்திவிட்டால் ஒரு குடும்பத்தின் கல்யாணமே போய்விடும். கன்டெய்னர் ஒரு பெரிய கோப்பு மட்டுமே என்பதால் அந்தக் கேள்வி எழாது.

அடுத்து ஸ்டாண்டர்ட் வால்யூம். ஹிடன் வால்யூம், அதாவது ஒரு பெட்டிக்குள் மறைத்து வைக்கும் இன்னொரு பெட்டி, நமக்குத் தேவையில்லை. சரியாகப் புரியாமல் பயன்படுத்தினால் உள்ளே இருப்பதன் மேலேயே எழுதிவிடும். பிறகு கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்று கேட்கும்: டி டிரைவில் ஒரு ஃபோல்டர் காட்டி, பெயர் கொடுங்கள். மணமக்கள் பெயரை வைக்காமல் உங்கள் வேலைப் பதிவேட்டு எண்ணை வையுங்கள். ஏற்கெனவே இருக்கும் வீடியோ கோப்பு எதையும் அங்கே தேர்ந்தெடுத்துவிடக் கூடாது. அதைப் பூட்டித் தரும் என்று நினைத்துச் சிலர் செய்கிறார்கள், வெராகிரிப்ட் அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதுப் பெட்டி செய்யும்.

என்கிரிப்ஷன் முறையில் ஏஇஎஸ் என்று இருப்பதை அப்படியே விடுங்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோன் டெமன், வின்சென்ட் ரைமன் இருவரும் வடிவமைத்த முறை அது. 2001-ல் அமெரிக்க அரசின் தரமாக ஏற்கப்பட்டது, உலகம் முழுக்க வங்கிகளும் அதையே பயன்படுத்துகின்றன. நமக்கு முக்கியமான காரணம் வேறு: இப்போதைய இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களில் ஏஇஎஸ்ஸுக்கென்றே தனிக் கட்டளைகள் இருக்கின்றன. மூன்று முறைகளைச் சேர்த்து அடுக்கும் தேர்வுகளும் பட்டியலில் இருக்கும். அவை எடிட்டிங்கை மெதுவாக்குவதைத் தவிர நமக்கு ஒன்றும் தராது. அதே பக்கத்தில் பெஞ்ச்மார்க் பொத்தானை அழுத்திப் பாருங்கள். நொடிக்கு ஆயிரக்கணக்கான எம்பி என்று காட்டும். உங்கள் 50 மெகாபிட் ஃபுட்டேஜுக்குத் தேவை நொடிக்கு சுமார் 6 எம்பிதான். ஹார்ட் டிஸ்க்கிலோ சாதாரண சாட்டா எஸ்எஸ்டியிலோ வைத்த பெட்டியில் வித்தியாசமே தெரியாது. வேகமான என்விஎம்இ டிஸ்க்கில் மட்டும் வெராகிரிப்ட் வேகத்தைக் குறைப்பது தெரியும்.

அளவு கொடுத்த பின் கடவுச்சொல். இதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், கொஞ்சம் பொறுங்கள். கீஃபைல், பிம் என்ற இரண்டு தேர்வுகளையும் தொடாமல் விடுங்கள். மறக்கக்கூடிய விஷயம் ஒன்று இருந்தால் போதும். 4 ஜிபியைத் தாண்டும் கோப்புகள் வைப்பீர்களா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். ஃபைல் சிஸ்டமாக என்டிஎஃப்எஸ். கரண்ட் கட் ஆகி நடுவில் அணைந்தால் எக்ஸ்ஃபேட்டைவிட என்டிஎஃப்எஸ் தாங்கும். மேக்கிலும் திறக்க வேண்டும் என்றால் மட்டும் எக்ஸ்ஃபேட். யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையே வேண்டாம் என்பது என் கருத்து.

குயிக் ஃபார்மட்டை டிக் செய்யாதீர்கள். டிக் செய்தால் நொடியில் முடியும், ஆனால் டிஸ்க்கின் அந்த இடத்தில் முன்பு இருந்த பூட்டாத பழைய தரவு உள்ளேயே தங்கிவிடும். சுட்டியை அங்குமிங்கும் ஆட்டச் சொல்லும், ஆட்டுங்கள், அதையும் சேர்த்துத்தான் சாவிக்கான தற்செயல் எண்கள் உருவாகின்றன. ஃபார்மட் அழுத்திவிட்டுச் சாப்பிடப் போகலாம். ஹார்ட் டிஸ்க்கில் 400 ஜிபிக்கு முக்கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும்.

பெட்டியைத் திறக்க, வெராகிரிப்ட்டின் முதல் திரையில் வி என்ற எழுத்தைத் தேர்ந்து, கோப்பைக் காட்டி, மவுண்ட் அழுத்திக் கடவுச்சொல் கொடுங்கள். சில நொடி யோசிக்கும். கடவுச்சொல்லை 5,00,000 சுற்று அரைத்துத்தான் சாவியை எடுக்கிறது, ஊகித்துத் திறக்க முயல்பவரைத் தாமதப்படுத்த. பிறகு வி டிரைவ் என்று ஒரு புது டிஸ்க் தோன்றும், வழக்கமான டிஸ்க்கைப் போலவே பயன்படுத்தலாம். எப்போதும் அதே வி எழுத்தில் திறப்பதைப் பழக்கமாக்குங்கள். இன்று வி, நாளை எக்ஸ் என்று மாற்றினால் பிரீமியர் எல்லாக் கிளிப்பையும் மீடியா ஆஃப்லைன் என்று சிவப்பாகக் காட்டி, ஒவ்வொன்றாக இணைக்கச் சொல்லும். ஃபேவரிட்ஸில் சேர்த்துவிட்டால் எழுத்து மாறாது.

எடிட்டரை உள்ளே குடியேற்றுவது

பெரும்பாலோர் பெட்டியைச் செய்து, ஃபுட்டேஜை உள்ளே போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். மேலே சொன்ன சிதறல் அப்படியே தொடரும்.

பிரீமியரில் புது ப்ராஜெக்ட்டை வி டிரைவுக்குள் உருவாக்குங்கள். ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ஸ்க்ராட்ச் டிஸ்க்ஸ் பக்கத்தில் எல்லாமே சேம் அஸ் ப்ராஜெக்ட் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ப்ரிவியூவும் ஆட்டோ சேவும் ப்ராஜெக்ட் பக்கத்திலேயே, அதாவது பெட்டிக்குள்ளேயே விழும். பிறகு எடிட் மெனுவில் ப்ரிஃபரன்சஸ், மீடியா கேஷ். அங்கே கேஷ் கோப்புகளுக்கும் கேஷ் தரவுத்தளத்துக்கும் ப்ரவுஸ் பொத்தான் இருக்கும். இரண்டையும் வி டிரைவில் ஒரு ஃபோல்டருக்கு மாற்றி, பழைய கேஷை அதே பக்கத்தில் உள்ள டிலீட் பொத்தானால் அழியுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலும் மீடியா அண்ட் டிஸ்க் கேஷ் பகுதியில் இதையே செய்யுங்கள். ப்ராக்ஸி உருவாக்கும்போது எங்கே என்று கேட்கும், ஃபுட்டேஜ் பக்கத்திலேயே வைக்கச் சொல்லுங்கள்.

ரிசால்வில் ப்ராஜெக்ட் மேனேஜரைத் திறந்து, இடது பக்கம் ப்ராஜெக்ட் லைப்ரரி பட்டியலைக் காட்டச் சொல்லி, புது லைப்ரரி ஒன்றை வி டிரைவில் உருவாக்குங்கள். அதற்குள்தான் இந்தக் கல்யாணத்தின் ப்ராஜெக்ட் இருக்க வேண்டும். பிறகு ப்ராஜெக்ட் செட்டிங்ஸ், மாஸ்டர் செட்டிங்ஸ் பக்கத்தில் கீழே வொர்க்கிங் ஃபோல்டர்ஸ் என்று இருக்கும். ப்ராக்ஸி, கேஷ், கேலரி ஸ்டில் மூன்றின் இடத்தையும் வி டிரைவுக்கு மாற்றுங்கள். பெட்டி மூடியிருக்கும்போது ரிசால்வைத் திறந்தால் அந்த லைப்ரரி கிடைக்கவில்லை என்று சொல்லும். பயப்பட வேண்டாம், பெட்டியைத் திறந்துவிட்டு மறுபடி இணைக்கலாம்.

ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பெட்டிக்குள் கேஷும் ஃபுட்டேஜும் சேர்ந்து இருப்பதால் பழைய கணினிகளில் டைம்லைன் தடுமாறலாம். அப்படி ஆனால் கேஷை மட்டும் சி டிரைவிலேயே விட்டுவிடுங்கள். அதுதான் முதல் அடுக்கில் பூட்டியாகிவிட்டதே. வேலை ஒப்படைத்த அன்றே கேஷை அழிக்க மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கார்டில் இருந்து காப்பி செய்வதையும் நேரே வி டிரைவுக்குச் செய்யுங்கள். டெஸ்க்டாப்பில் போட்டுப் பிறகு நகர்த்தும் பழக்கம் வேண்டாம். ரிசால்வின் மீடியா பக்கத்தில் குளோன் டூல் இருக்கிறது, காப்பி செய்வதோடு ஒவ்வொரு கோப்பும் அச்சு அசலாக வந்ததா என்றும் சரிபார்க்கும்.

கடவுச்சொல்

வெராகிரிப்ட்டுக்கு "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்ற பொத்தான் கிடையாது. ஓடிபி வராது. உருவாக்கியவர்களாலும் திறக்க முடியாது. எனவே ஊகிக்க முடியாததாகவும், நீங்கள் இழக்க முடியாததாகவும் ஒரே சமயத்தில் இருக்க வேண்டும்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆறு சொற்களைச் சேர்ப்பது நல்ல வழி. பகடையை உருட்டிச் சொற்பட்டியலில் இருந்து எடுக்கும் டைஸ்வேர் முறை 1995-ல் இருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஐந்து பகடை எண்கள் ஒரு சொல், பட்டியலில் மொத்தம் 7,776 சொற்கள். நீங்களே மனதில் தோன்றியதைத் தேர்ந்தெடுப்பதைவிடப் பகடை நல்லது. மனிதர்களுக்குத் தோன்றுவது பிள்ளை பெயர், குலதெய்வம், பிறந்த ஆண்டு, பிடித்த நடிகர் என்று சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் நிற்கும்.

தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள் எழுத்துக்கூட்டலில் கவனமாக இருங்கள். வாழை என்பதை இன்று இரண்டு ஏ போட்டு அடித்திருப்பீர்கள், ஆறு மாதம் கழித்து ஒரு ஏ போட்டு அடிப்பீர்கள். ழகரத்துக்கு இசட்எச் போட்டோமா, எல் போட்டோமா என்று அப்போது நினைவு வராது. சொல் நினைவிருந்தும் பெட்டி திறக்காது. அதனால் முடிவு செய்த எழுத்துக்கூட்டலை அப்படியே ஒரு தாளில் எழுதி, பிட்லாக்கர் எண் இருக்கும் அதே பீரோவில் வையுங்கள். தாளில் எழுதுவது பாதுகாப்பில்லை என்று சொல்வார்கள். அலுவலக மேசையில் ஒட்டி வைப்பதற்கு அது பொருந்தும். வீட்டுப் பீரோவில் இருக்கும் தாளைத் தேடி யாரும் வருவது அபூர்வம், கடவுச்சொல்லை மறப்பது தினம் நடப்பது. எல்லாப் பெட்டிக்கும் வேறு வேறு கடவுச்சொல் வைக்கப் போகிறீர்கள் என்றால் பிட்வார்டன், கீபாஸ் போன்ற ஒரு கடவுச்சொல் மேலாளரில் சேமியுங்கள்.

தலைப்பகுதியும் பேக்கப்பும்

கன்டெய்னர் கோப்பின் தொடக்கத்தில் சிறிய தலைப்பகுதி ஒன்று இருக்கிறது. உண்மையான சாவி அதற்குள்தான், உங்கள் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டு. டிஸ்க்கில் அந்தச் சிறு இடம் கெட்டால் கடவுச்சொல் சரியாக இருந்தும் திறக்காமல் போகலாம். கோப்பின் கடைசியில் வெராகிரிப்ட் தானாகவே இன்னொரு பிரதி வைக்கிறது என்றாலும், டூல்ஸ் பகுதியில் பேக்கப் வால்யூம் ஹெடர் கொடுத்து அதை ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். ஒரு எச்சரிக்கை: கடவுச்சொல்லை மாற்றும்போது தலைப்பகுதி மட்டுமே மாறுகிறது, உள்ளே உள்ள சாவி மாறுவதில்லை. பழைய கடவுச்சொல் யாருக்காவது தெரிந்துவிட்டது என்று மாற்றினால், பழைய தலைப்பகுதி பேக்கப்பையும் அழித்துவிட வேண்டும். இரண்டும் கையில் கிடைத்தவர் பெட்டியைத் திறந்துவிடுவார்.

பேக்கப் விஷயத்தில் புகைப்படக்காரர் பீட்டர் க்ராக் பிரபலமாக்கிய 3-2-1 கணக்கை எல்லோரும் சொல்வார்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. கல்யாணத்துக்கு ரீடேக் இல்லை, எனவே குறைந்தது இரண்டாவது டிஸ்க்கில் ஒரு பிரதியாவது கட்டாயம். பெட்டியை மூடிவிட்டு அந்தக் கோப்பை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்தால் பேக்கப்பும் பூட்டியே இருக்கும். வெளி டிஸ்க் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஏற்காது, என்டிஎஃப்எஸ்ஸாகவோ எக்ஸ்ஃபேட்டாகவோ மாற்றிக்கொள்ளுங்கள். சி டிரைவில் போட்ட டிவைஸ் என்கிரிப்ஷன் இந்த வெளி டிஸ்க்குகளைத் தொடாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தானியங்கி பேக்கப் மென்பொருளோ கிளவுட் ஒத்திசைவோ வைத்திருப்பவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. உள்ளே எவ்வளவு மாற்றினாலும் கன்டெய்னர் கோப்பின் தேதியை வெராகிரிப்ட் மாற்றாமல் பழையபடியே வைத்திருக்கும். அளவும் மாறாது. பேக்கப் மென்பொருள் தேதியைப் பார்த்து "இது மாறவில்லை" என்று தாண்டிப் போய்விடும். வாரக்கணக்கில் பேக்கப் ஓடியிருக்கும், உள்ளே இருப்பது முதல் நாள் பிரதியாக இருக்கும். ப்ரிஃபரன்சஸில் ப்ரிசர்வ் மாடிஃபிகேஷன் டைம்ஸ்டாம்ப் என்ற டிக்கை எடுத்துவிட்டால் இது தீரும்.

தினசரி

எழுந்து போகும்போது எடிட்டரை மூடி, வெராகிரிப்ட்டில் டிஸ்மவுண்ட் அழுத்துங்கள். புதிய பதிப்புகளில் அன்மவுண்ட் என்று இருக்கும். ஸ்லீப்பில் போடுவது மூடுவது ஆகாது, சாவி நினைவகத்திலேயே இருக்கும். ப்ரிஃபரன்சஸில் ஆட்டோ டிஸ்மவுண்ட் பகுதியில் லாக் ஆஃப் ஆகும்போதும், பவர் சேவிங் வரும்போதும் தானாக மூடச் சொல்லலாம். கோப்புகள் திறந்திருந்தாலும் வலுக்கட்டாயமாக மூடும் தேர்வில் டிக் இருந்தால் அதை மட்டும் நீக்கிவிடுங்கள். சேவ் செய்யாத ப்ராஜெக்ட்டின் கீழிருந்து டிஸ்க்கை உருவுவது நல்லதல்ல.

பழுதுபார்க்கக் கொடுக்கும்போது முழுமையாக ஷட் டவுன் செய்துதான் கொடுக்க வேண்டும். கடைக்காரர் விண்டோஸ் கடவுச்சொல் கேட்பார். டிஸ்ப்ளே, கீபோர்டு, மின்விசிறி மாற்ற அது தேவையில்லை. கட்டாயம் தேவை என்றால் வேறொரு சாதாரண யூசர் கணக்கு உருவாக்கிக் கொடுங்கள். ஃபுட்டேஜ் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவது எல்லாவற்றையும்விட நல்லது.

ஸ்டுடியோவுக்கு ப்ராஜெக்ட்டை அனுப்ப வேண்டி வந்தால் செவன் ஜிப்பில் கடவுச்சொல் போட்டு அனுப்புங்கள். ஃபார்மட் செவன் இசட், கோப்புப் பெயர்களையும் மறைக்கும் டிக், சுருக்கும் அளவில் ஸ்டோர். வீடியோ மேலும் சுருங்காது, நேரம்தான் வீணாகும். இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கடவுச்சொல்லைப் போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே அரட்டையில் இருந்தால் பூட்டியதற்கு அர்த்தம் இல்லை.

பழைய வேலைகள்

இதுவரை பூட்டாமல் கிடக்கும் பழைய கல்யாணங்களை என்ன செய்வது? வைத்திருக்க வேண்டியதைப் பெட்டிக்குள் நகர்த்துங்கள், தேவையில்லாததை அழியுங்கள். அழித்தாலும் ஹார்ட் டிஸ்க்கில் அந்த இடத்தில் வேறு எதுவும் எழுதப்படும்வரை மீட்பு மென்பொருளால் எடுக்க முடியும். குயிக் ஃபார்மட் செய்தாலும் அப்படித்தான். காலியான இடம் முழுவதையும் மேலெழுதும் வசதியோடு எரேசர் போன்ற இலவச மென்பொருள்கள் கிடைக்கின்றன, ஹார்ட் டிஸ்க்குக்கு அது போதும். எஸ்எஸ்டியில் மேலெழுதுவதை நம்ப முடியாது. தேய்மானத்தைப் பங்கிட அது எழுதும் இடத்தைத் தானே மாற்றிக்கொண்டே இருக்கும், பழைய துண்டு எங்கோ தங்கலாம். எஸ்எஸ்டியைப் பொறுத்தவரை முதல் நாளிலிருந்தே பூட்டி வைப்பதுதான் வழி.

ஒரு கல்யாணத்துக்கு ஒரு பெட்டி என்று சொன்னதன் இன்னொரு பலன் இங்கே கிடைக்கிறது. ஸ்டுடியோவோடு பேசிய காலக்கெடு முடிந்ததும் அந்த ஒரே கோப்பையும் அதன் பேக்கப்பையும் அழித்துவிட்டு, கடவுச்சொல்லையும் தலைப்பகுதி பேக்கப்பையும் நீக்கிவிட்டால் போதும். டிஸ்க்கில் துண்டு துண்டாக எது மிஞ்சினாலும் அது வெறும் எண் குப்பை. அழிக்கும் முன் வாடிக்கையாளரிடம் எழுத்தில் ஒரு வார்த்தை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டு கழித்து "பழைய ஃபுட்டேஜ் இருக்கா தம்பி?" என்று போன் வருவது இந்தத் தொழிலில் சகஜம்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு முதல் அடுக்கு ஃபைல்வால்ட், இரண்டாவதுக்கு டிஸ்க் யுடிலிட்டியிலேயே என்கிரிப்ட் செய்த டிஸ்க் இமேஜ் உருவாக்கலாம். எடிட்டருக்குள் செய்ய வேண்டிய மாற்றங்கள் அதேதான்.

எல்லாம் முடிந்ததும் உண்மையான வேலையை உள்ளே வைக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். 10 ஜிபியில் ஒரு சின்னப் பெட்டி செய்து, நான்கு கிளிப்பும் ஒரு குட்டி ப்ராஜெக்ட்டும் போட்டு, மூடி, வெளி டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். அந்த டிஸ்க்கை நண்பரின் கணினியில் செருகி, பீரோவில் இருக்கும் தாளைப் பார்த்து மட்டும் கடவுச்சொல்லை அடித்துத் திறந்து, கிளிப் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அடுத்த கல்யாணத்தின் கார்டை நேரே பெட்டிக்குள் இறக்கலாம்.